அத்தியாயம் 7: வீட்டுக்குள் ஒரு பாறை வெடிப்பு

சங்கரன்கோவிலில் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் மலைத்தொடர் நீளமாகத் தெரியும். ஆசை காட்டும் மலைதான். ஆனால் புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று அடிவாரத்து ஊர்களைத் தாண்டியதும் காப்புக்காடு தொடங்கிவிடுகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூடாது. கிழக்கே போனால் கழுகுமலை. வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் இருக்கிற அந்தக் குன்றில், பயிற்சி என்ற பெயரில் ஒரு விரலைக்கூடப் பாறை இடுக்கில் நுழைக்கக்கூடாது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக நிற்கிற சிற்பத்தின் பக்கத்தில் நம் கையும் காலும் உரசுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. மிச்சமிருப்பவை அங்கங்கே நிற்கிற கரடுகள். அவற்றின் பாறை பெரும்பாலும் தகடு தகடாக உரிந்து வழவழவென்று கிடக்கும். நேர்கோடாக, இருபக்கச் சுவரும் இணையாக ஓடுகிற வெடிப்பு அதில் அபூர்வம். நல்ல வெடிப்பு வேண்டுமென்றால் பெங்களூருக்குப் பக்கத்து ராமநகரத்துக்கோ, வடகர்நாடகத்தின் பாதாமிக்கோ ரயிலேற வேண்டும்.

வருடத்துக்கு ஓரிரு முறை அங்கே போகிறவருக்கு வெடிப்பு ஏற்றம் கைவராது. விரல் பலம் எவ்வளவு இருந்தாலும் சரி. சாதாரணப் பாறை ஏற்றத்தில் நாம் விளிம்பைப் பிடித்து இழுக்கிறோம். வெடிப்பில் பிடிப்பதற்கு ஒன்றுமே இருக்காது. கையை உள்ளே விட்டு, அங்கேயே அதைப் பெருக்கவைத்து, இரு சுவருக்கும் நடுவே ஆப்பு மாதிரி அடைக்க வேண்டும். ஏறுகிறவர்கள் இதை ‘ஜாம்’ என்கிறார்கள். தசையைவிட இதில் அதிகம் பழக வேண்டியவை புறங்கைத் தோலும் முட்டி எலும்புகளும். எந்த அளவு அழுத்தினால் போதும், எப்போது நழுவப்போகிறது என்பதை அவைதான் சொல்ல வேண்டும். அதற்கு வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது கை இடுக்குக்குள் போய் வர வேண்டும். ஆகவே இடுக்கை நாமே மரத்தில் செய்துகொள்வதுதான் வழி.

இந்த வழியில் உலகத்தின் மிகக் கடினமான வெடிப்புகளே ஏறப்பட்டிருக்கின்றன. அமெரிக்கரான டோனி யானிரோ 1979இல் ‘கிராண்ட் இல்யூஷன்’ என்ற தடத்தை ஏறுவதற்கு முன், அதன் கடினமான அசைவுகளை மரத்தில் செய்து வைத்துப் பழகினார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் டாம் ராண்டால், பீட் விட்டேக்கர் என்ற இருவர் ராண்டால் வீட்டு நிலவறையின் கூரையடியில் மர இடுக்குகளை மாட்டி இரண்டு ஆண்டுகள் தொங்கினார்கள். பிறகு 2011இல் யூட்டா பாலைவனத்துக்குப் போய், ‘செஞ்சுரி கிராக்’ என்ற, கூரைபோல் தலைக்கு மேலே நீண்டு ஓடும் அகன்ற வெடிப்பை முதன்முதலாக ஏறி முடித்தார்கள். ஷெஃபீல்டிலிருந்து அந்தப் பாலைவனம் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். நமக்குப் பாதாமி பக்கம்தான்.

தேனி மாவட்டத்தில் பிறந்து, சித்ரதுர்கா கோட்டையின் கருங்கல் சுவர்களில் கயிறில்லாமல் ஏறிப் பெயர் வாங்கிய ஜோதிராஜையும் பலர் காணொளியில் பார்த்திருப்பீர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அவர் விரல் நுழைகிற விதத்தைக் கவனியுங்கள். கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கயிறில்லாமல் ஏறுவதை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுவர் விலகக்கூடாது

இரண்டு பலகையை எதிரெதிரே நிறுத்தி போல்ட் போட்டால் இடுக்கு ஆகிவிடும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். தொங்கிப் பார்த்தால்தான் தெரியும், பலகை விலகி இடுக்கு அகன்றுவிடும். முதலில் இந்த விசையைப் புரிந்துகொள்வோம்.

60 கிலோ எடையுள்ளவர் ஒரே கையில் தொங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தாங்குவது இரு சுவரிலும் ஏற்படும் உராய்வு. தோலுக்கும் மரத்துக்கும் உள்ள உராய்வுக் கெழு 0.5 என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு சுவரையும் அவர் கை 60 கிலோ விசையோடு வெளியே தள்ள வேண்டும். வியர்வையில் உராய்வு 0.3 ஆகக் குறைந்தால் அதே ஆள் 100 கிலோ தள்ள வேண்டும். தள்ளும்போது பலகை இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் ஜாம் தளர்ந்துவிடும். இன்னும் அழுத்துவீர்கள், இன்னும் விலகும். பாறை இப்படி விலகுவதில்லை. விலகுகிற இடுக்கில் பழகிய கை தேவைக்கு மேல் அழுத்தியே பழகிவிடும். பாறையில் பாதி உயரத்திலேயே களைத்துப் போகும். மரம் எது, பசை எது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். சட்டம் விறைப்பாக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. பாறை வெடிப்பில் எங்காவது குறுகும், எங்காவது புடைத்திருக்கும். கை அதில் சிக்கிக்கொள்ளும். இணையான மரச் சுவரில் அந்த உதவி கிடையாது, முழுக்க உராய்வுதான். அதனால் மர இடுக்கு அதே அகலப் பாறையைவிடக் கடினமாகத் தோன்றும். பயப்பட வேண்டாம், அந்தக் கடினம்தான் நமக்குத் தேவை.

மரம்

பர்னிச்சருக்கு ஆசைப்பட்டுத் தேக்கு வாங்காதீர்கள். அதில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு, விலையும் அதிகம். பழைய வீடு இடிக்கும் இடத்தில் நல்ல வேங்கைச் சட்டம் மலிவாகக் கிடைத்தால் கால்களுக்கு வாங்கிக்கொள்ளலாம். சுவருக்கு என் தேர்வு 18 மி.மீ. பிளைவுட். நீளத்துக்கு வளையாது, முறுக்கிக்கொள்ளாது, வெயிலுக்குப் பிளக்காது. 8 அடிக்கு 4 அடித் தாள் ஒன்று போதும். பெட்டி உடைத்த பைன் பலகையும் கைக்கு இதமாக இருக்கும்தான். ஆனால் போல்ட் துளைக்குப் பக்கத்தில் வெடித்துவிடுகிறது.

அந்தத் தாளை நீளவாக்கில் 9 அங்குலப் பட்டைகளாக அறுக்கச் சொல்லுங்கள். ஐந்து பட்டை வரும், கொஞ்சம் கழிவு மிஞ்சும். இரண்டிரண்டாகத் தச்சுப் பசை தடவி, வரிசையாக ஸ்க்ரூ போட்டு ஒட்டினால் 36 மி.மீ. கனத்தில் இரண்டு சுவர்கள் தயார். ஸ்க்ரூத் தலை உள்பக்கம் தெரியக்கூடாது. வெளிப்பக்கத்திலிருந்தே போடுங்கள், நுனி மறுபக்கம் எட்டாத நீளமாகப் பாருங்கள். பசை காய ஓர் இரவு முழுக்க விடுங்கள். இந்த இடுக்கு கிடையாக இருக்கும், கை கீழிருந்து நுழையும். ஆகவே பிறகு கீழ்விளிம்பின் உள்முனையை இழைப்புளியாலும் உப்புத்தாளாலும் நன்றாக உருட்டுங்கள். மணிக்கட்டு உரசுவது அங்கேதான். கூர் இருந்தால் முதல் நாளே தோல் போய்விடும். உள்சுவரை 80 எண் உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்தால் போதும். வார்னிஷ் வேண்டாம், பெயின்ட் வேண்டாம். மணல் கலந்த பெயின்ட் பூசுகிறவர்கள் உண்டு. உராய்வு கூடும் என்பது உண்மை, தோல் அதைவிட வேகமாகத் தீர்ந்துவிடும் என்பதும் உண்மை. வெறும் மரம்தான் நல்லது.

ஐந்தாவது பட்டையை 3 அங்குலச் சதுரங்களாக அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடுக்கின் அகலத்தை மாற்றப் போவது இவைதான்.

அகலம்

18 மி.மீ. பிளைவுட்டைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணம் இங்கே வருகிறது. சுவர்களுக்கு நடுவே ஒரு சதுரம் வைத்தால் 18 மி.மீ.: விரல்கள் மட்டும் நுழையும் இடுக்கு. இரண்டு வைத்தால் 36: கை நுழையும், ஆனால் கட்டைவிரலின் அடிமேடு வெளியே நின்றுவிடும். மூன்று வைத்தால் 54: பெரும்பாலான பெரியவர்களுக்கு முழுக் கை ஜாம். நான்கு வைத்தால் 72, ஐந்து வைத்தால் 90: முஷ்டி. ஆறுக்கு 108: முஷ்டியும் தளர்ந்துபோய், இரண்டு கையையும் ஒன்றோடொன்று சேர்த்து அடைக்க வேண்டிய அகலம். அமெரிக்காவின் ராண்டி லெவிட்டும் மேலே சொன்ன யானிரோவும் இந்த இரட்டைக்கை முறையை வளர்த்தார்கள். அதற்கு ‘லெவிட்டேஷன்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நடு அளவுகளுக்கு 4 மி.மீ., 6 மி.மீ. பிளைவுட் துண்டுகளைத் தச்சுப் பட்டறைக் கழிவிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புத்தகத்து அளவை நம்பி மட்டும் அகலத்தை முடிவுசெய்யாதீர்கள். கையை நீட்டி, கட்டைவிரலை உள்ளங்கைக்குக் குறுக்கே சுண்டுவிரல் அடி வரை மடக்கி, உள்ளங்கையின் கனத்தைக் கதவு இடுக்கில் வைத்து அளந்து பாருங்கள். மடக்காமல் இருக்கும்போது உள்ள கனத்துக்கும் மடக்கியபோது உள்ள கனத்துக்கும் நடுவே இருக்கிற அகலம்தான் உங்களுடைய கை ஜாம். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இது ஒரு சென்டிமீட்டர் வரை மாறலாம். தங்கைக்குச் சுகமான இடுக்கில் அண்ணன் திணறுவார்.

பூட்டும் விதம்

கிட்டத்தட்ட அரை அங்குல, அதாவது 12 மி.மீ., முழுநீளமும் மரை வெட்டிய கம்பி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். எட்டடி நீளத்தில் நான்கு இடத்தில் பூட்டுங்கள்: இரு முனையிலிருந்தும் சற்று உள்ளே தள்ளி ஒவ்வொன்று, நடுவில் சம தூரத்தில் இரண்டு. துளை, சுவரின் மேல்விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே. கை கீழிருந்து நுழைகிறது. துளை மேலே இருந்தால் விரல் நுனிக்கு இடம் கிடைக்கும்.

ஆனால் மேலே மட்டும் போல்ட் இருந்தால், கீழ்விளிம்பைக் கை வெளியே தள்ளும்போது சுவர் அந்த போல்ட்டைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். இதைத் தடுக்க ஒவ்வொரு பூட்டு இடத்திலும் சுவரின் வெளிப்பக்கம் 4க்கு 2 அங்குலச் சட்டத் துண்டு ஒன்றை நிறுத்துங்கள். சுவரின் முழு ஆழத்துக்கும் அது படிய வேண்டும். மேலே இன்னும் 5 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கம்பி இந்தச் சட்டங்களையும் துளைத்தே போகும். மேலே நீட்டிய முனைகளுக்கு நடுவே ஒரு முட்டுக்கட்டையும் அதைத் துளைத்து இன்னொரு கம்பியும் போடுங்கள். இப்போது கை கீழே தள்ளினால், கீழ்க் கம்பி இழுத்துப் பிடிக்கும். மேல்முனைகள் உள்ளே சாயப் பார்க்கும்போது முட்டுக்கட்டை தாங்கும். வெறும் கம்பி முட்டுக்கொடுக்காது, கட்டை அவசியம்.

மேல் முட்டுக்கட்டையின் அளவில் பலர் குழம்புவார்கள். வெளிச்சட்டங்களுக்கு நடுவே இடுக்கின் அகலத்தோடு இரண்டு சுவரின் கனமும், அதாவது 72 மி.மீ., சேர்ந்து இருக்கிறது. சரியாக நாலு சதுரம். ஆகவே கீழே மூன்று சதுரம் வைத்தால் மேலே ஏழு. அந்த நாலையும் ஒன்றாக ஒட்டி நிரந்தரக் கட்டையாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டாம். நட்டுக்கு அடியில் அகலமான சதுர வாஷர் போடுங்கள்; சின்ன வட்ட வாஷர் மரத்துக்குள் புதைந்து, இறுக்கம் போய்விடும்.

எதில் மாட்டுவது

வீட்டுக் கூரையில் மாட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பழைய வீடுகளின் கட்டைகுத்து மாடியில் செங்கல்லும் சுண்ணாம்பும் பழங்காலத்து உத்தரத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. கீழிருந்து குலுக்கினால் என்ன உதிரும் என்று யாருக்கும் தெரியாது. ஷீட் போட்ட கூரையின் டிரஸ் மேலிருந்து வரும் எடைக்கும் காற்றுக்கும் செய்தது. கான்கிரீட் தளத்தில் துளைபோட்டால் கம்பியில் ட்ரில் முட்டும், தளத்தின் கனமும் அதிகமில்லை. தனியாக நிற்கும் சட்டகமே மேல். வாடகை வீடு மாறினாலும் கழற்றி எடுத்துப் போகலாம்.

இரண்டு முனைக்கும் ஒவ்வொரு குதிரை. 4க்கு 3 சட்டத்தில், ஏணி சாய்த்த மாதிரி கால்களை அகற்றி, தரையில் 4 அடி அகலம் வருமாறு செய்யுங்கள். மேலே குறுக்குக் கட்டை. சுவர்களின் இரு முனையும் அதன்மேல் உட்காரும். வெளிப்பக்கம் சிறு கட்டைகளை ஸ்க்ரூ போட்டால் சுவர் நழுவாது. இரண்டு குதிரைக்கும் நடுவே இருபக்கமும் மூலைவாட்டத்தில் சட்டம் கண்டிப்பாக வேண்டும். ஏறுகிறவர் முன்னே நகரும்போது முழுச் சட்டகமும் அவரோடு சாயப் பார்க்கும்.

இடுக்கின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்கட்டும். கையும் காலும் இடுக்கில் இருக்க, முதுகு தரையைப் பார்த்துத் தொங்கினால், முதுகுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு இரண்டரை அடிதான் இருக்கும். அதற்குமேல் உயரம் தேவையே இல்லை. இந்த ஊரில் தறி எடுத்துவிட்டுக் காலியாகக் கிடக்கும் கூடங்கள் இதற்கு ரொம்பப் பொருத்தம்: சிமென்ட் தரை, நீளமான இடம், நல்ல காற்று. மண் தரையாக இருந்தால் கால்களுக்கு அடியில் கருங்கல் துண்டு வையுங்கள். புற்றுமண்ணைப் பிரசாதமாகத் தருகிற ஊர் இது. மண்ணைத் தொட்ட மரத்தைக் கரையான் விட்டுவைக்காது.

தொங்குவதற்கு முன் சோதனை

நடு இரண்டு பூட்டுகளுக்கும் இடையே, இடுக்கின் கீழ்விளிம்புக்குப் பக்கத்தில், சரியாக இறுகி நிற்கும்படி ஒரு மரத்துண்டைச் செருகுங்கள். கையால் தட்டினால் மட்டும் விழ வேண்டும். அதற்கு ஒரு அடி தள்ளி நீங்கள் ஜாம் போட்டுத் தொங்குங்கள், கால் ஸ்டூல்மேல் இருக்கட்டும். துண்டு தானாக விழுந்தால் சுவர் விலகுகிறது என்று அர்த்தம். நட்டை இறுக்குங்கள், அப்படியும் விழுந்தால் நடுவில் இன்னொரு பூட்டு சேர்க்க வேண்டும். எடை தாங்குகிறதா என்று பார்க்க, நடுவில் கயிறு கட்டி மூன்று சிமென்ட் மூட்டைகளைத் தொங்கவிட்டு ஓர் இரவு விடுங்கள். 150 கிலோ. காலையில் குதிரைக் கால்கள் அகன்றிருக்கின்றனவா, எங்காவது கீறல் விழுந்திருக்கிறதா என்று பொறுமையாகப் பாருங்கள்.

விழுவது

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியைத்தான் இருமுறை படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். கூரை இடுக்கில் கால் நன்றாகச் சிக்கிக்கொள்ளும். கை முன்னால் நழுவும். அப்போது உடல் தலைகீழாக ஊசலாடி, தலையோ கழுத்தோ முதலில் தரையைத் தொடும். இரண்டரை அடி உயரம்கூட இதற்குப் போதும். அதனால் காலைச் செருகிப் பழகும் நாளில் தலைப்பக்கம் ஒருவர் நிற்க வேண்டும், தோளைத் தாங்கும்படி கை நீட்டி. ஆள் இல்லாத நாளில் கால் ஸ்டூலில்தான் இருக்கும். களைப்பு வரும்போது முதலில் காலை எடுத்துவிட்டுப் பிறகு கையை விடுவதைப் பழக்கமாக்குங்கள். கீழே நுரை மெத்தை, அதற்கு மேல் இலவம்பஞ்சு மெத்தை என்று இரண்டடுக்கு, இடுக்கின் நீளம் முழுவதும். தேங்காய்நார் மெத்தை மட்டும் போட்டால் அது தரை போலத்தான். மோதிரம், கைக்கடிகாரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் கையை நுழைக்க வேண்டும். விரல் உள்ளே இருக்க உடல் விழுந்தால் மோதிரம் விரலையே உரித்துவிடும்.

முதல் வாரங்கள்

54 மி.மீ. அகலத்தில் தொடங்குங்கள். கட்டைவிரல் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி கையைத் தளர்வாக நுழையுங்கள். கட்டைவிரலைச் சுண்டுவிரலின் அடியை நோக்கி அழுத்துங்கள். உள்ளங்கை மேடு புடைக்கும், விரல் முட்டிகள் எதிர்ச்சுவரில் முட்டும். எடையை மெதுவாகக் கொடுங்கள். புதியவர்கள் எல்லாரும் அளவுக்கு மீறி அழுத்துவார்கள். கை பிடித்துக்கொண்ட பிறகு அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எந்த இடத்தில் நழுவத் தொடங்குகிறது என்று தேடுங்கள். அந்த இடத்தை அறிந்துகொள்வதுதான் முதல் மாதத்தின் முழுப் பாடம். தூரம், எண்ணிக்கை எதுவும் வேண்டாம்.

காலுக்கு: பாதத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, முழங்காலை வெளியே அகற்றி, விரல்பகுதியை நுழையுங்கள். பிறகு முழங்காலை நேர்கோட்டுக்குக் கொண்டுவந்தால் பாதம் திருகிக்கொண்டு அடைத்துவிடும். ஏறுகாலணி இல்லையென்றால், ரப்பர் அடியுள்ள கான்வாஸ் ஷூ இந்த அகலத்துக்குப் போதும்.

கை ஜாம் சுலபமான பிறகு 72க்குப் போங்கள், அதன் பிறகு 36. விரல் மட்டும் நுழையும் 18ஐக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முழு எடையும் விரல் மூட்டில் முறுக்கு விசையாக விழுகிறது. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அதைத் தொடவே வேண்டாம். அவர்கள் விரல் எலும்பின் வளர்தகடு இன்னும் மூடியிருக்காது. அதில் முறிவு ஏற்பட்டால் விரல் கோணலாக வளரலாம்.

புறங்கைக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஜிங்க் ஆக்சைடு டேப் போடுங்கள். ஒவ்வொரு விரலின் அடியையும் சுற்றி வந்து மணிக்கட்டில் முடியும் பட்டைகள், அவற்றின் மேல் புறங்கையைக் குறுக்கே மூடும் பட்டைகள், கடைசியில் மணிக்கட்டைச் சுற்றி ஒன்று. உள்ளங்கை வெறுமையாக இருக்கட்டும். சுற்றும்போது கையை இறுக மூடி வைத்திருங்கள். விரித்த கையில் சுற்றினால் ஜாம் போடும்போது ரத்த ஓட்டம் நின்றுவிடும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் வெட்டிக் கழற்றினால் அதே உறையை இன்னும் சில முறை மாட்டிக்கொள்ளலாம்.

சித்திரை, வைகாசியில் விடியற்காலையில் மட்டும் பழகுங்கள். பத்து மணிக்கு மேல் எவ்வளவு மக்னீசியம் கார்பனேட் தூள் பூசினாலும் கை வழுக்கும். ஐப்பசி மழையில் மரம் ஊறிப் பருக்கும், தை மாதக் காற்றில் சுருங்கும். இரண்டு பருவத்திலும் எல்லா நட்டுகளையும் ஸ்பேனரால் ஒரு சுற்று சரிபார்த்து, அந்தச் சோதனைத் துண்டை மறுபடி செருகிப் பாருங்கள். உள்சுவரில் தூளும் வியர்வையும் சேர்ந்து பளபளப்பாகப் படிந்தால் உலர்ந்த தேங்காய்நார் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, உப்புத்தாளை லேசாக ஓட்டினால் போதும். சிலாம்பு எழும்பிய இடத்தில் அன்றைக்கே தேய்க்க வேண்டும். நகத்துக்கு அடியில் ஏறினால் அந்த வாரப் பயிற்சி போச்சு.